பரதராமி ஜெராக்ஸ் கடை, மின்ட் லினக்ஸ், அடம்பிடிக்கும் டாங்கிள்: ஒரு விரிவான பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். பரதராமியில் ஜெராக்ஸ் கடை. அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் இப்போது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. நெட்டுக்கு வேலூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹுவாவே 4ஜி டாங்கிள், அதாவது சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் குட்டி மோடம். சில நேரம் செருகினால் சிடி ஐகான் மட்டும் வருகிறது. சில நேரம் நெட் வந்து, பாதி அப்ளிகேஷன் நிரப்பும்போது அறுந்துபோகிறது. இன்னும் சில நேரம் 'கனெக்டட்' என்று காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறப்பதில்லை. பிரிண்டர் ஒரு சின்ன ரூட்டரில் இருக்கிறது, லேப்டாப்பிலிருந்து அதற்கு ஒரு கேபிள் போகிறது. விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார், போடலாமா?

போட வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று தொல்லைக்கும் மூன்று வேறு காரணம். விண்டோஸ் போட்டால் முதலாவது போகலாம், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். ஒரு நாள் வேலையும் கெடும். அந்த லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒன்றும் அந்நியம் இல்லை. 2011 இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டே கொடுத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் லைட் எரியவில்லை என்றால் எடுத்த எடுப்பில் பல்பை மாற்ற மாட்டோம். போஸ்டில் கரண்ட் இருக்கிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, சுவிட்ச் சரியா என்று வரிசையாகப் பார்ப்போம். டாங்கிளுக்கும் அப்படித்தான். யூஎஸ்பி போர்ட்டில் தெரிகிறதா, மோடமாக மாறியதா, சிம்மும் டவரும் ஒத்துக்கொண்டதா, கடைசியாக லேப்டாப் அந்த வழியாகத்தான் வெளியே போகிறதா. எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கமாண்டுகளை உச்சரிப்பாகத் தமிழிலேயே எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். மோடத்திடமே நேரடியாகப் பேசும் ஏடி கமாண்டுகள் பெரிய எழுத்து. வேறு எங்கே பெரிய எழுத்து வேண்டும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் டாங்கிளைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். லினக்ஸைத் தொடும் முன்பே செய்ய வேண்டியது இது. உங்களுடையது 4ஜி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், ஆனால் செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் மாடல் நம்பரைப் பார்த்துவிடுவது நல்லது. இ173, இ303, இ3131, இசட்டிஇ எம்எஃப்190 என்று இருந்தால் அவை 3ஜி. ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 2016 இல் வந்ததே 4ஜியோடு மட்டும்தான். ஜியோ சிம்மை 3ஜி டாங்கிளில் போட்டால் ஆயுசுக்கும் டவர் வராது. ஏர்டெல் தன் 3ஜியை மூடிவிட்டது. அதனால் ஏர்டெல் சிம் போட்ட 3ஜி டாங்கிள் 2ஜியில்தான் நிற்கும், அந்த வேகத்தில் டிஎன்பிஎஸ்சி பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். சிம் ஸ்லாட்டே இல்லாத பழைய சிடிஎம்ஏ டாங்கிள் என்றால் அதற்கு நம் ஊரில் இப்போது எந்தக் கம்பெனியிடமும் நெட்வொர்க் இல்லை. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் மேற்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

இ3372 என்று இருந்தால் 4ஜிதான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு, கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஒரு எண் இருக்கும். 153 என்று இருந்தால் அது ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்தது. நம் நாட்டில் ஜியோ 4ஜி ஓடுவது 3, 5, 40 ஆகிய பேண்டுகளில், அதாவது அலைவரிசைகளில். 153 இல் 5 உம் இல்லை, 40 உம் இல்லை. 607 என்று இருந்தால் 40 உண்டு, ஆனால் அதிலும் 5 இல்லை. கிராமப்பக்கம் தூரத்து டவரிலிருந்து சிக்னல் எட்டுவதற்கு 850 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த 5 ஆம் பேண்ட்தான் பெரிய உதவி. போனில் நாலு கோடு, டாங்கிளில் ஒரு கோடு என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். டாங்கிளும் கெட்டுப்போகவில்லை, லினக்ஸும் தப்பு செய்யவில்லை. போன் கேட்கிற பேண்டை டாங்கிளால் கேட்க முடியவில்லை. 153 வைத்திருப்பவர்கள் ஏர்டெல் சிம் போட்டுப் பார்க்கலாம், 1, 3, 8 ஆகிய பேண்டுகள் அதில் இருப்பதால் வாய்ப்பு அதிகம்.

இனி சிடி ஐகான் விஷயம். இந்த டாங்கிள்களுக்குள் ஒரு சின்ன சிடி டிரைவ் மாதிரியான சேமிப்பு இருக்கிறது. விண்டோஸ் டிரைவரை அதிலேயே வைத்து அனுப்புவதற்காகக் கம்பெனிகள் கண்டுபிடித்த வழி. செருகியதும் டாங்கிள் 'நான் ஒரு சிடி' என்று சொல்லிக்கொள்ளும். டிரைவர் ஏறிய பிறகு ஒரு சங்கேதச் செய்தி போனால்தான் மோடமாக மாறும். லினக்ஸில் அந்தச் செய்தியை அனுப்புவது யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற சின்ன புரோகிராம், யோசுவா டீட்சே என்பவர் எழுதியது. அது இல்லாவிட்டாலோ, உங்கள் டாங்கிள் அதன் பட்டியலில் இல்லாவிட்டாலோ, சிடியாகவே உட்கார்ந்திருக்கும்.

கமாண்டு அடிக்கும் கறுப்பு ஜன்னலான டெர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி என்று அடியுங்கள். வரும் பட்டியலில் ஹுவாவே வரியில் இரண்டு எண்கள் நடுவில் முக்காற்புள்ளியோடு இருக்கும். முதலாவது 12டி1, அது ஹுவாவேயின் அடையாளம். இசட்டிஇ என்றால் 19டி2. இரண்டாவதுதான் இப்போது முக்கியம். 1எஃப்01 அல்லது 14எஃப்இ என்று இருந்தால் டாங்கிள் இன்னும் சிடி வேடத்தில் இருக்கிறது. 14டிசி அல்லது 1506 என்று மாறியிருந்தால் வேடம் கலைந்துவிட்டது, அடுத்த கட்டத்துக்குப் போகலாம். பழைய 3ஜி ஹுவாவேக்களில் 1446 என்பது சிடி வேடம்.

ஹுவாவே வரியே வரவில்லை என்றால் போர்ட்டோ கேபிளோ கரண்டோதான் காரணம், அதைக் கீழே சொல்கிறேன்.

சிடி வேடத்தில் நின்றால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜும், அதன் கூடவே வரும் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச்-டேட்டா என்ற பேக்கேஜும் இருக்கின்றனவா என்று சாஃப்ட்வேர் மேனேஜரில் பாருங்கள். இல்லையென்றால் போட வேண்டும். 'நெட்டே இல்லையே, எப்படிப் போடுவது' என்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். மின்ட் அதைக் கம்பி நெட் போலவே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் வேண்டாம். பேக்கேஜ்களை ஏற்றிவிட்டு டாங்கிளைக் கழற்றி மறுபடி செருகுங்கள். சும்மா ரீஸ்டார்ட் செய்தால் போதாது. ரீஸ்டார்ட்டில் போர்ட்டுக்குக் கரண்ட் அறுபடாமல் இருந்தால் டாங்கிள் பழைய நிலையிலேயே நிற்கும். உங்களுக்கு 'சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை' என்று இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். லேப்டாப் ஆன் ஆகி டெஸ்க்டாப் வந்த பிறகு டாங்கிளைச் செருகிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அப்படியும் மாறவில்லை என்றால் கையால் மாற்றலாம். சூடோ, இடைவெளி, யூஎஸ்பி அண்டர்ஸ்கோர் மோட்ஸ்விட்ச், பிறகு மைனஸ் வி 12டி1, மைனஸ் பி, எல்எஸ்யூஎஸ்பியில் பார்த்த இரண்டாவது எண், கடைசியில் மைனஸ் ஜே. அந்த ஜே மட்டும் பெரிய எழுத்து. புதிய ஹுவாவேக்களை மாற்றும் செய்தி அது. சில விநாடி கழித்து மறுபடி எல்எஸ்யூஎஸ்பி அடித்தால் எண் மாறியிருக்க வேண்டும். கையால் செய்தால் மாறுகிறது, தானாக மாறவில்லை என்றால் டேட்டா பேக்கேஜ் பழையது. அதை அப்டேட் செய்யுங்கள்.

அடுத்து, அதிகம் பேர் குழம்பும் இடம். 4ஜி டாங்கிளில் இரண்டு ஜாதி. ஒன்று ஸ்டிக் வகை. அது மோடமாகவே இருக்கும், லேப்டாப்தான் டயல் செய்ய வேண்டும். இன்னொன்று ஹைலிங்க் வகை, 14டிசி என்று வருவது. இது உள்ளுக்குள்ளேயே ஒரு குட்டி ரூட்டர். தானே டயல் செய்து, லேப்டாப்புக்கு ஒரு நெட்வொர்க் கார்டு போலத் தெரியும். ஹைலிங்க் வைத்துக்கொண்டு நெட்வொர்க் மெனுவில் 'மொபைல் பிராட்பேண்ட்' எங்கே என்று தேடினால் கிடைக்கவே கிடைக்காது. வயர்டு கனெக்ஷன் 2 என்று ஒன்று வந்திருக்கும், அதுதான் டாங்கிள்.

இங்கேதான் உங்கள் மூன்றாவது தொல்லை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹைலிங்க் டாங்கிளில் மின்ட் 'கனெக்டட்' என்று சொல்வது லேப்டாப்புக்கும் டாங்கிளுக்கும் நடுவே உள்ள அரை அடியைப் பற்றி மட்டும்தான். டாங்கிளுக்கும் டவருக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று மின்ட்டுக்குத் தெரியாது. சிம்மில் பேலன்ஸ் இல்லாவிட்டாலும், டவரே இல்லாவிட்டாலும் 'கனெக்டட்' என்றே காட்டும். உண்மையைத் தெரிந்துகொள்ள பிரவுசரில் 192.168.8.1 என்று அடியுங்கள். டாங்கிளின் சொந்தப் பக்கம் திறக்கும். சிக்னல், சிம் நிலை, எந்தக் கம்பெனி டவர் என்று எல்லாம் அங்கே இருக்கும். ஏபிஎன், அதாவது சிம் கம்பெனியின் நெட்டுக்குள் நுழையும் வாசலின் பெயர், போடுவதும் அங்கேதான், ப்ரொஃபைல் மேனேஜ்மென்ட் என்ற இடத்தில். ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், வோடஃபோன் ஐடியாவுக்கு (வீ) மூன்று டபிள்யூ. யூசர்நேம், பாஸ்வேர்ட் காலியாக விடுங்கள். முந்தின சொந்தக்காரர் போட்டுவைத்த ஏபிஎன் அதில் அப்படியே இருந்தால் உங்கள் சிம்முக்கு ஒத்துவராது. செகண்ட் ஹேண்ட் டாங்கிளில் இது சகஜம்.

இப்போது பரதராமிக்கே உரிய விஷயம். உங்கள் ஊரிலிருந்து சித்தூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஆந்திரா. டாங்கிளுக்கு மாநில எல்லை தெரியாது, பலமாகக் கேட்கிற டவரைப் பிடித்துக்கொள்ளும். அது அந்தப் பக்கத்து டவராக இருந்தால் டாங்கிள் தன்னை ரோமிங்கில் இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஹைலிங்க் பக்கத்தில் மொபைல் கனெக்ஷன் என்ற இடத்தில் டேட்டா ரோமிங் என்று ஒரு பொத்தான் இருக்கும், வரும்போதே ஆஃப் ஆக இருக்கும். விளைவு: சிக்னல் ஃபுல், சிம் சரி, ஏபிஎன் சரி, நெட் மட்டும் வராது. வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனால் அதே டாங்கிள் பட்டென்று ஓடும், கடைக்காரரும் 'டாங்கிள் நல்லாத்தான் இருக்கு' என்று திருப்பிக் கொடுப்பார். கிறிஸ்டியான்பேட்டைக்காரர்களுக்கும் சைனகுண்டா பக்கத்தவர்களுக்கும் இதே கதைதான்.

எந்த டவர் என்று சரிபார்க்கும் வழி: ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும், அதாவது ஏறக்குறைய ஒவ்வொரு மாநிலத்திலும், ஒரு எண் உண்டு. இந்தியாவுக்கு 404 அல்லது 405 என்று தொடங்கும், அதன் பின்னால் வட்டத்தின் எண். ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 404 94, ஆந்திராவில் 404 49. திருப்பிப் போட்ட மாதிரி இருப்பதால் கவனமாகப் படியுங்கள். ஜியோவுக்குத் தமிழ்நாட்டில் 405 869, ஆந்திராவில் 405 854. டேட்டா ரோமிங்கை ஆன் செய்துவிடுவது எளிய வழி. நாட்டுக்குள்ளேயே தானே, பிளானில் ரோமிங்குக்குத் தனிக் காசு இல்லையென்றால் பயப்பட ஒன்றுமில்லை. அப்படி வேண்டாம் என்றால் அதே பக்கத்தில் நெட்வொர்க் தேடலை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றி நம் பக்கத்து டவரைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அது பலவீனமாக இருந்தால் வேகம் குறையும். நான் இருந்தால் ரோமிங்கைத்தான் ஆன் செய்வேன்.

உங்களுடையது ஸ்டிக் வகை என்றால் வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் தகவலும் அதிகம் கிடைக்கும். எம்எம்சிஎல்ஐ மைனஸ் எல் என்று அடித்தால், எல் பெரிய எழுத்து, மோடங்களைக் கவனிக்கும் மோடம்மேனேஜர் என்ற புரோகிராம் கண்டுபிடித்த மோடம்கள் வரும். செருகி அரை நிமிடம் விட்டு அடியுங்கள், அது ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்க்க நேரம் எடுத்துக்கொள்ளும். மோடம் எண் 0 என்று வந்தால் எம்எம்சிஎல்ஐ மைனஸ் எம் 0 என்று அடியுங்கள், இந்த எம் சின்ன எழுத்து. ஒரு நீளமான அறிக்கை வரும். அதில் ஸ்டேட் என்ற வரியைப் பாருங்கள். லாக்டு என்றால் சிம்முக்கு பின் எண் கேட்கிறது. ஃபெயில்டு என்று சொல்லிப் பக்கத்திலேயே சிம் மிஸ்ஸிங் என்றால் சிம்மைக் கழற்றி, தங்க நிறப் பகுதியை ரப்பரால் லேசாகத் துடைத்துப் போடுங்கள். சர்ச்சிங் என்றால் டவரைத் தேடுகிறது. ரெஜிஸ்டர்டு என்றால் டவர் ஏற்றுக்கொண்டது, இனி பாக்கி ஏபிஎன் மட்டும்தான். நெட்வொர்க் மெனுவில் புது மொபைல் பிராட்பேண்ட் இணைப்பு ஒன்றை உருவாக்கி, மேலே சொன்ன ஏபிஎன்னைப் போடுங்கள். டயல் எண் கேட்டால் ஸ்டார் 99 ஹேஷ். அங்கேயும் ரோமிங்கை அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கும், எல்லையில் இருப்பவர்கள் அதை எடுத்துவிடக் கூடாது. பின் எண் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டைத் திறக்கும் பக் (பியூகே) எண்ணைக் கேட்கும், பக்கையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் செத்துப்போகும்.

சர்ச்சிங்கிலேயே நிற்கிறது, அல்லது டினைடு என்கிறது என்றால் மோடத்திடமே நேரடியாகப் பேசலாம். முதலில் சூடோ சிஸ்டெம்சிடிஎல் ஸ்டாப் மோடம்மேனேஜர் என்று அதை நிறுத்துங்கள். 'மோடம்மேனேஜர்' என்பதில் இரண்டு எம்மும் பெரிய எழுத்து. அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கேட்கும் கேள்விக்கான பதிலை அது பிடுங்கிக்கொள்ளும், திரையில் பாதிப் பாதியாக வரும். பிறகு போர்ட்டோடு பேச உதவும் மினிகாம் அல்லது பிகோகாம் என்ற புரோகிராம் வழியாக டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட்டை (இதில் யூஎஸ்பி மட்டும் பெரிய எழுத்து) திறந்து ஏடி என்று அடித்து என்டர் தட்டுங்கள். ஓகே என்று வர வேண்டும். வராவிட்டால் 1, 2 என்று அடுத்த போர்ட்டுகளைப் பாருங்கள், எந்தப் போர்ட் காது கொடுக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். அனுமதி இல்லை என்று சொன்னால் உங்கள் யூசரை டயல்அவுட் என்ற குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் ஆகித் திரும்ப வாருங்கள்.

ஏடி+சிஎஸ்க்யூ என்று கேட்டால் சிக்னலை 0 முதல் 31 வரை ஒரு எண்ணாகச் சொல்லும். அதை இரண்டால் பெருக்கி 113 ஐக் கழித்தால் சிக்னல் பலத்தின் அளவான டிபிஎம் கணக்கு: 10 என்றால் மைனஸ் 93. பத்துக்குக் கீழே போனால் அறுந்து அறுந்துதான் வரும். 99 என்றால் சிக்னலையே அளக்க முடியவில்லை என்று அர்த்தம். ஏடி+சிஆர்இஜி? என்று கேள்விக்குறியோடு கேட்டால் இரண்டு எண் தரும், இரண்டாவதுதான் வேண்டும். 1 என்றால் சொந்த நெட்வொர்க், 5 என்றால் ரோமிங், 2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 3 என்றால் டவர் மறுத்துவிட்டது. 4ஜிக்கு இதையே ஏடி+சிஇஆர்இஜி? என்று கேட்க வேண்டும். 3 வந்தால் பெரும்பாலும் சிம் செயலிழந்திருக்கும். அதே சிம்மை போனில் போட்டுப் பாருங்கள், அங்கே வேலை செய்தால் டாங்கிள் பக்கம் திரும்பலாம்.

செகண்ட் ஹேண்ட் ஹுவாவேக்களில் லாக் பிரச்சினையும் உண்டு. ஒரு கம்பெனி தன் சிம் மட்டும் ஏற்கும்படி பூட்டி விற்றிருக்கும். ஏடி, அடுத்து கூரை போன்ற ^ குறி, பிறகு கார்ட்லாக்? என்று கேளுங்கள். பதிலில் முதல் எண் 1 என்றால் பூட்டியிருக்கிறது, 2 என்றால் திறந்திருக்கிறது. இரண்டாவது எண் திறக்க மிச்சம் இருக்கும் வாய்ப்புகள். பூட்டியிருந்தால் விற்ற கடைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் கோடு கணக்கிகளை நம்பி அந்த வாய்ப்புகளை வீணாக்காதீர்கள்.

முடிந்ததும் சிஸ்டெம்சிடிஎல் ஸ்டார்ட் கொடுத்து மோடம்மேனேஜரைத் திரும்ப எழுப்ப மறக்காதீர்கள்.

சரி, பிரிண்டர் ரூட்டருக்கு வருவோம். 'கனெக்டட், ஆனால் பக்கம் திறக்கவில்லை' என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் அதுதான். அந்த ரூட்டரில் இன்டர்நெட் இல்லை, பிரிண்டருக்காக மட்டும் இருக்கிறது. ஆனால் ரூட்டருக்கு அது புரியாது. 'வெளியே போக வேண்டுமா, என் வழியாக வா' என்று லேப்டாப்பிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். மின்ட்டில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் பிராட்பேண்டுக்கு 700 என்று மதிப்பெண் வைத்திருக்கிறது. குறைந்த எண்ணுக்கே முன்னுரிமை. அப்புறம் என்ன, டிஎன்பிஎஸ்சி பக்கத்துக்கான கோரிக்கை பிரிண்டர் ரூட்டருக்குள் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ஹைலிங்க் என்றால் டாங்கிளும் ஒரு கம்பி இணைப்பாகவே தெரிவதால் எது முந்தும் என்பது எது முதலில் ஏறியது என்பதைப் பொறுத்தது. 'சில நேரம்' என்று நீங்கள் சொன்னதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

சோதிப்பது எளிது. பக்கம் திறக்காத நேரத்தில் பிரிண்டர் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். உடனே திறந்தால் ஆள் பிடிபட்டான். ஐபி ரூட் என்று அடித்தாலும் தெரியும், டிஃபால்ட் என்று தொடங்கும் வரி இரண்டு இருக்கும், மேலே இருப்பது எந்த வழி என்று பாருங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய, பிரிண்டர் இணைப்பின் எடிட் பக்கத்தில் ஐபிவி4 தாவலுக்குப் போய், ரூட்ஸ் என்ற பொத்தானுக்குள் 'இந்த இணைப்பை அதன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து' என்ற பொருளில் இருக்கும் டிக்கைப் போடுங்கள். ஐபிவி6 தாவலிலும் அதையே செய்யுங்கள். பிரிண்டரும் ஓடும், நெட்டும் ஓடும்.

கேபிளைப் பிடுங்கியும் திறக்கவில்லை என்றால் பிங் 8.8.8.8 அடியுங்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் சிக்கல். இணைப்பின் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்றே போட்டுவிடலாம். இன்னொன்று, அந்த லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது. உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி செத்திருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பென்றால் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்கள் செல்லாது என்று பிரவுசர் எல்லா அரசுப் பக்கங்களையும் மறுக்கும். நெட்டைக் குறைசொல்லும் முன் மூலையில் உள்ள கடிகாரத்தை ஒரு பார்வை பாருங்கள். பேட்டரி சிஆர்2032 என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் பல லேப்டாப்களில் ஒயர் வைத்த வகை, கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாதியில் அறுந்துபோவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது கரண்டை. யூஎஸ்பி 2 போர்ட் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். சிக்னல் பலவீனமான இடத்தில் டாங்கிள் கத்திப் பேச வேண்டியிருக்கும், அப்போது அதிகம் இழுக்கும். 4ஜி கிடைக்காமல் 2ஜிக்கு இறங்கினால் இன்னும் மோசம். 2ஜி தொடர்ச்சியாக அனுப்பாமல் துடிப்புத் துடிப்பாக அனுப்பும், அந்தக் கண நேரத்தில் இழுப்பு 2 ஆம்பியர் வரை எகிறும். வருஷக்கணக்கில் பென் டிரைவ் செருகி எடுத்துத் தளர்ந்த போர்ட் அதைத் தாங்காது. அறுந்த உடனே, சிஸ்டத்தின் குறிப்பேட்டைக் காட்டும் சூடோ டிமெஸ்ஜி அடித்துக் கடைசி வரிகளைப் படியுங்கள். யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று இருந்தால் டாங்கிள் போர்ட்டிலிருந்தே விழுந்திருக்கிறது. மைனஸ் 71, மைனஸ் 110 என்ற எர்ரர்களும் பெரும்பாலும் போர்ட், கேபிள், கரண்ட் பக்கத்தைத்தான் காட்டும். டிமெஸ்ஜியில் ஒன்றுமே இல்லாமல் நெட் மட்டும் அறுந்தால் டவர் பக்கம்.

மருந்து, தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப். அடாப்டர் இல்லாத மலிவான ஹப் நிலைமையை இன்னும் கெடுக்கும். ஹப்பிலிருந்து ஒரு தரமான குட்டை எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, டாங்கிளை ஜன்னல் பக்கம் டவர் இருக்கும் திசையில் வையுங்கள். சிக்னல் ஏறும், லேப்டாப்பின் சூட்டிலிருந்தும் தப்பிக்கும். நம் ஜில்லாவில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிறது, தகரக் கூரைக் கடைக்குள் கேட்கவே வேண்டாம். டாங்கிள் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தால் தானே அணைந்து அணைந்து எழும். ஜன்னலில் வைக்கும்போது நேர் வெயில் படாமல் வையுங்கள்.

பேட்டரியை மிச்சப்படுத்த டிஎல்பி போன்ற புரோகிராம் ஏதாவது போட்டிருந்தால் அது சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவிகளைத் தூங்க வைக்கும். சில டாங்கிள்கள் தூங்கினால் எழுந்திருக்காது. வாடிக்கையாளர் சான்றிதழைத் தேடிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிஷத்தில் அறுகிறது, தொடர்ந்து வேலை செய்தால் அறுவதில்லை என்றால் இதுதான். டிஎல்பி அமைப்பில் மொபைல் மோடங்களை விட்டுவிடச் சொல்லும் வரி உண்டு, அதை ஆன் செய்யுங்கள். கடையில் எப்போதும் சார்ஜரில்தானே ஓடுகிறது, டிஎல்பியையே எடுத்துவிட்டாலும் குற்றமில்லை.

ஒரு யோசனை. இவ்வளவும் பார்த்து, உங்கள் டாங்கிள் 153 வகை என்றும் சிம் ஜியோ என்றும் தெரியவந்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 5 ஆம் பேண்ட் உள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் சிம்மைப் போட்டு, ஜன்னலில் வைத்து, யூஎஸ்பி டெதரிங்கில் ஓட்டுங்கள். லினக்ஸில் அதைவிடத் தொல்லையில்லாத மோடம் கிடையாது. போனின் பேட்டரி சூட்டில் உப்புகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள், ஆனால் வெறும் 'வரவில்லை' என்று எழுத வேண்டாம். டாங்கிளைச் செருகியதும் எல்எஸ்யூஎஸ்பி, டிமெஸ்ஜியின் கடைசி முப்பது வரி, ஐபி ரூட், ஸ்டிக் வகை என்றால் எம்எம்சிஎல்ஐ அறிக்கை, ஹைலிங்க் என்றால் 192.168.8.1 பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அறிக்கையிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் ஐஎம்இஐ, ஐஎம்எஸ்ஐ எண்களும் சில சமயம் உங்கள் போன் நம்பரும் இருக்கும், அவற்றை அழித்துவிட்டு அனுப்புங்கள்.